இரண்டு ப்ரோப்பும் ஒரு பை டூ காபியும்

வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிற ஆசிலோஸ்கோப்பில் மேத் என்று ஒரு பட்டன் இருக்கும். இரண்டு சேனலில் வருகிற கோடுகளைக் கூட்டும், கழிக்கும், பெருக்கும். ஓசூரில் டிப்ளமோ முடித்துவிட்டு பெங்களூருக்கு வந்த முதல் இரண்டு வருடம் நான் அதைத் தொட்டதே இல்லை. சேனல் 1, சேனல் 2, ஆட்டோசெட், அவ்வளவுதான் என் ஸ்கோப். ஸ்ரீராம்புரத்தில் ரூம், காலையில் பச்சை லைன் மெட்ரோ பிடித்தால் பீன்யா. அங்கே மின் ஸ்கூட்டருக்கு சார்ஜரும் கன்ட்ரோலரும் செய்கிற, பழசை சர்வீஸும் பார்க்கிற ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் வேலை. எனக்கு மேலே ஒரே ஒரு சீனியர் டெக்னீஷியன். அல்சூர்க்காரர், வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். எல்லோருக்கும் அண்ணன்.

மேத் பட்டனிடம் நான் போய்ச் சேர்ந்ததே ஒரு வெடிச் சத்தத்துக்கு அப்புறம்தான்.

சார்ஜர் போர்டு ஒன்று மேசையில் இருந்தது. 230 வோல்ட் நேராக, ஏசியை டிசியாக்குகிற பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குள் போய், பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசியாக நிற்கிற வகை. போர்டில் ஓரிடத்தில் ஜிஎன்டி என்று வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருந்தது. கிரவுண்ட் என்றுதானே போட்டிருக்கிறது என்று, ஸ்கோப்பின் அளக்கிற கம்பியான ப்ரோப்பின் முதலைக் கிளிப்பை அங்கே மாட்டி சுவிட்சைப் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம், ஷார்ட் ஆனால் தானே அணைகிற எம்சிபி சுவிட்ச் விழுந்தது, கிளிப்பின் பல் ஒன்று உருகிப் போயிருந்தது.

நடந்தது இதுதான். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் சும்மா தொங்குகிற கம்பி இல்லை. அது ஸ்கோப்பின் உடம்போடும், உடம்பு மூன்று பின் பிளக்கின் எர்த்தோடும் சேர்ந்தது. சார்ஜர் போர்டில் கிரவுண்ட் என்று எழுதியிருப்பது ரெக்டிஃபையரின் மைனஸ் முனை. லைன் வயர் மைனஸ் பக்கம் போகிற ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அந்த முனை ஒரு டையோடு வழியாக லைனோடு ஒட்டிக்கொள்ளும். அதை எர்த்தில் கட்டினால் நேர் ஷார்ட். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்தது என் தப்பு.

இதற்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. பக்கத்து ஷெட்டில் ஒருவர் அதைத்தான் சொன்னார்: ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடு. தயவுசெய்து செய்யாதீர்கள். வெட்டினால் ஷார்ட் ஆகாது, உண்மைதான். ஆனால் அந்த 325 வோல்ட் முழுக்க ஸ்கோப்பின் உலோகப் பாகங்களில், நீங்கள் கை வைக்கிற ப்ரோப் சாக்கெட்டின் வெளி வளையத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அண்ணன் அதைக் கேட்டதும் சொன்னது அச்சில் வராது.

எங்களிடம் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்தது, மெயின்ஸோடு நேர்த் தொடர்பு இல்லாமல் கரண்ட் தருவது. இனிமேல் சார்ஜர் அதன் வழியாக மட்டும்தான் ஓட வேண்டும், ஸ்கோப் எப்போதும் எர்த்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமாயிற்று. இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கோப் கிளிப்பை போர்டில் மாட்டிய நொடியே அந்தப் பக்கமும் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதே என்று தைரியமாக மற்ற முனைகளில் கை வைத்தால் ஷாக் அடிக்கும்.

சரி, இப்போது எம்சிபி விழவில்லை. ஆனால் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது மேல் பக்க மாஸ்ஃபெட்டின் கேட் வோல்டேஜ். மாஸ்ஃபெட் ஒரு மின்னணு சுவிட்ச், அதைத் திறந்து மூடுகிற முனை கேட், கரண்ட் வெளியேறுகிற முனை சோர்ஸ். கேட்டை அதன் சோர்ஸோடு ஒப்பிட்டுத்தான் அளக்க வேண்டும். அந்த சோர்ஸோ 0-க்கும் 325-க்கும் இடையே வினாடிக்கு 65,000 முறை ஏறி இறங்குகிற இடம். அங்கே கிளிப்பை மாட்டவே முடியாது. அண்ணன் சொன்னார்: "ரெண்டு ப்ரோப் போடு தம்பி. ஒண்ணு கேட்ல, ஒண்ணு சோர்ஸ்ல. ரெண்டு கிளிப்பும் மைனஸ்ல. கழிச்சுக்கோ." அவர் காலத்து அனலாக் ஸ்கோப்பில் மேத் பட்டன் கிடையாது. ஆட் என்று ஒரு சுவிட்ச், சேனல் 2-க்கு இன்வர்ட் என்று ஒன்று. தலைகீழாக்கிக் கூட்டினால் கழித்தல். இப்போது அதே வேலைக்கு ஒரு மெனு வந்திருக்கிறது.

மேத் பட்டனை அழுத்தி, சேனல் 1 கழித்தல் சேனல் 2 என்று தேர்ந்தெடுத்தேன். சிவப்பில் அழகான சதுர அலை ஒன்று வந்தது. உயரம் 18 வோல்ட்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கேட்டுக்கு 12 வோல்ட் போல வர வேண்டும். அந்த மாஸ்ஃபெட்டின் டேட்டாஷீட்டில் கேட்டுக்கு உச்ச வரம்பு 20. 18 என்றால் ஓட்டம் விளிம்பில் நடக்கிறது. கேட்டை இயக்குகிற டிரைவர் ஐசிக்கு சப்ளை தருகிற ஜீனர் டையோடை மாற்றினேன். அதே 18. எஸ்.பி. ரோடுக்குப் போய் புது டிரைவர் ஐசி வாங்கி வந்து மாற்றினேன். அதே 18. கேட் ரெசிஸ்டரை மாற்றினேன். ஒன்றரை நாள் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்புக் கோடு அசையாமல் அதே உயரத்தில் நின்றதே, அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரையில் வருவதெல்லாம் போர்டில் இருக்கிறது என்ற நம்பிக்கை.

மறுநாள் மதியம் பக்கத்து தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டு அண்ணனிடம் புலம்பினேன். பை டூ காபி சொன்னார். பெங்களூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாகத் தருவார்கள். அண்ணன் இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எது ஜாஸ்தி?"

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே."

"பாத்துட்டு சொன்னியா, நெனச்சுக்கிட்டு சொன்னியா?" குனிந்து பார்த்தேன். ஒன்றில் அரை விரல் கூட இருந்தது. "ப்ரோப்பையும் இப்டித்தான் பாக்கணும். கழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே எடத்துல வெச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. திரும்பி வந்து இரண்டு ப்ரோப்பையும் சோர்ஸ் முனையிலேயே மாட்டினேன். ஒரே புள்ளி, ஒரே வோல்டேஜ். கழித்தால் சுத்தமாக பூஜ்யம் வர வேண்டும். திரையில் 6 வோல்ட்டுக்கு ஒரு சதுர அலை ஓடிக்கொண்டிருந்தது. கூடவே ஒவ்வொரு விளிம்பிலும் முள் முள்ளாகக் குத்திக்கொண்டு.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ப்ரோப் ஒன்று அளவை நூற்றுக்கு ஒன்று கூட்டிச் சொல்கிறது, மற்றது ஒன்று குறைத்துச் சொல்கிறது என்று வையுங்கள். இது பெரிய குறையே இல்லை, சாதாரண ப்ரோப்புகளில் இருப்பதுதான். ஆனால் 325 வோல்ட்டில் 2 சதவீதம் 6.5 வோல்ட். நான் தேடுவதே 12. யானையையும் அதன் மேலே உட்கார்ந்திருக்கிற எலியையும் சேர்த்து எடை போட்டு, அப்புறம் யானையை மட்டும் எடை போட்டுக் கழித்து, எலியின் எடையைச் சொல்கிற வேலை இது.

முள்ளுக்குக் காரணம் வேறு. சோர்ஸ் முனை 325 வோல்ட்டை சுமார் 50 நானோ செகண்டில் ஏறுகிறது, அதாவது ஒரு நானோ செகண்டுக்கு 6.5 வோல்ட். ஒரு ப்ரோப் மற்றதைவிட ஒரே ஒரு நானோ செகண்ட் பிந்தினாலும் விளிம்பில் 6.5 வோல்ட் முள் நிற்கும். ப்ரோப் கேபிள் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 5 நானோ செகண்ட் எடுத்துக்கொள்கிறது. கேபிள் ஒரு சாண் நீளமாக இருந்தாலே போதும், முள் வந்துவிடும்.

மூன்றாவதாக இன்னொன்று. எங்கள் ஸ்கோப் எட்டு பிட். திரையின் மொத்த உயரத்தையும் 256 படிகளாகத்தான் பார்க்கிறது. ஒரு கட்டத்துக்கு 100 வோல்ட், எட்டுக் கட்டம், ஆக 800 வோல்ட். ஒரு படி 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். என் 12 வோல்ட் கேட் சிக்னல் அந்த ஏணியில் வெறும் நான்கு படி. கழித்து வந்த கோட்டை மேத் மெனுவில் எவ்வளவு பெரிதாக்கினாலும் படிகள்தான் பெரிதாகும், விவரம் கூடாது. பெரிதாகத் தெரிகிறது என்பதால் நன்றாகத் தெரிகிறது என்று எனக்கு ஒரு மயக்கம் இருந்தது.

அப்புறம் செய்தது இவ்வளவுதான். ஸ்கோப்பின் முன்பக்கம் ஒரு 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வரும். அதில் இரண்டு ப்ரோப்பையும் மாட்டி, குட்டி ஸ்குரூவைத் திருப்பி, அலையின் மூலை கூராகவும் மேல்தட்டு சமமாகவும் வருகிற மாதிரி சரிசெய்தேன். மெனுவில் இரண்டு சேனலுக்கும் ப்ரோப் விகிதம் பத்துக்கு ஒன்று என்று இருக்கிறதா பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே வோல்ட் அளவு வைத்தேன். மறுபடி ஒரே புள்ளியில் வைத்ததில் 6 என்பது 2 ஆகக் குறைந்தது. குறைந்ததே தவிர போகவில்லை.

கடைசி வழி அண்ணனுடையது. 325-ஐயே எடுத்துவிடு என்றார். டிரைவர் சப்ளையைத் தனியாகக் கொடுத்துவிட்டு, மெயின் பஸ்ஸுக்கு, அதாவது 325 நின்ற இடத்துக்கு, பென்ச் சப்ளையிலிருந்து கரண்ட் லிமிட் வைத்து 30 வோல்ட் மட்டும் கொடுத்தோம். இப்போது யானை கன்றுக்குட்டி ஆகிவிட்டது. 30-ல் 2 சதவீதம் 0.6 வோல்ட்தான். கட்டத்துக்கு 10 வோல்ட் வைக்கலாம், படி 0.3 வோல்ட். கேட் வோல்டேஜ் 12.4. முதல் நாளிலிருந்தே அது அவ்வளவுதான் இருந்திருக்கிறது. ஜீனர், ஐசி, ரெசிஸ்டர் எல்லாம் எந்தப் பாவமும் அறியாதவை.

முழு வோல்டேஜில் பார்த்தே தீர வேண்டும் என்றால் உயர் வோல்டேஜ் டிஃபரன்ஷியல் ப்ரோப் வேண்டும். கழித்தலை அதற்குள்ளேயே, பொருத்திய பாகங்களை வைத்துச் செய்வதால் ஸ்கோப்பில் கழிப்பதைவிட எவ்வளவோ தேவலை. மேத் பட்டன் அதற்கு மாற்று இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறி இறங்குகிற வோல்டேஜ் சின்னதாக இருக்கிற இடத்தில்தான் ஸ்கோப் கழித்தலுக்கு மரியாதை. 48 வோல்ட் மோட்டாரின் இரண்டு ஃபேஸுக்கு நடுவே பார்க்க நான் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். இரண்டு கிளிப்பும் பேட்டரி மைனஸில், ப்ரோப் முனைகள் இரண்டு ஃபேஸில், கழித்தல். அங்கே அது தங்கம்.

அடுத்து பெருக்கல். இதில் மானம் போனது முதலாளி முன்னால்.

சார்ஜர் மெயின்ஸிலிருந்து எவ்வளவு வாட் எடுக்கிறது என்று கேட்டார். சார்ஜர் 54.6 வோல்ட்டில் 5 ஆம்பியர் தருவது, வெளியே வருவதே 273 வாட். சேனல் 1-ல் வோல்டேஜ், சேனல் 2-ல் கம்பியைச் சுற்றிப் பிடித்து கரண்ட்டை அளக்கிற கிளாம்ப், மேத்தில் பெருக்கல், அதன் சராசரியை எடுத்து "31" என்று சொன்னேன். "273 வெளிய வருது, 31 தான் உள்ள போகுதா? பேட்டன்ட் போட்டுடலாம்" என்றார். கிளாம்ப் ஒரு ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் தருகிறது, அதை நான் ஸ்கோப்புக்குச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அது வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கும். திரையின் ஓரத்தில் அலகு வாட் என்று இல்லாமல் வோல்ட் வர்க்கம் என்று இருந்தது, நான் பார்க்கவில்லை. சேனல் 2-ஐ ஆம்பியருக்கு மாற்றி, விகிதத்தைக் கொடுத்தவுடன் 310 வாட்.

அதே அளவீட்டில் இன்னொன்றும் தெரிந்தது. மீட்டரில் 230 வோல்ட், 2.3 ஆம்பியர், பெருக்கினால் 529. ஸ்கோப் சொல்வது 310. இரண்டும் சரிதான். மீட்டர் தனித்தனி அளவுகளைத் தருகிறது, ஸ்கோப் ஒவ்வொரு கணத்தையும் பெருக்கிச் சராசரி எடுக்கிறது. திரையில் பார்த்தால் கரண்ட் சைன் அலையாகவே இல்லை, வோல்டேஜின் உச்சியில் மட்டும் ஒரு கூரான முள். மற்ற நேரம் பூஜ்யம். 310-ஐ 529-ஆல் வகுத்தால் வருவதுதான் பவர் ஃபேக்டர், 0.59. புத்தகத்தில் பல தடவை படித்தது, அந்த மூன்று கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பார்த்தபோதுதான் மண்டையில் ஏறியது. சராசரி எடுக்கும்போது திரையில் முழுச் சுற்றுகள் இருக்கட்டும். நான் கட்டத்துக்கு 20 மில்லி செகண்ட் வைத்து பத்துச் சுற்று எடுப்பேன். ஒன்றேகால் சுற்றை வைத்துச் சராசரி எடுத்தால் வருவது வெறும் நம்பர்.

இதே பெருக்கலை மாஸ்ஃபெட் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்கக் கொண்டுபோனால் ஆட்டம் மாறுகிறது. கீழ்ப் பக்க மாஸ்ஃபெட்டில் வோல்டேஜும் கரண்ட்டும் பெருக்கினேன். சுவிட்ச் முழுசாக அணைந்து, கரண்ட் பூஜ்யமாக இருக்க வேண்டிய நேரத்திலும் மேத் கோடு 6.5 வாட் காட்டியது. அணைந்த சுவிட்ச் எப்படி வாட் எடுக்கும்? கிளாம்ப் 20 மில்லி ஆம்பியர் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தது. 325 பெருக்கல் 0.02. அளவைத் தொடங்கும் முன் கிளாம்ப்பை எதையும் பிடிக்காமல் மூடி, டீகாஸ் செய்து (உள்ளே தங்கிய காந்தத்தைப் போக்கி), பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். மெயின்ஸ் வாட்டில் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. அங்கே வோல்டேஜ் பாதி நேரம் பிளஸ், பாதி நேரம் மைனஸ், தப்பு தானே அடித்துப்போகும்.

அதைச் சரிசெய்த பிறகும் விளிம்பில் சிக்கல். கரண்ட் கிளாம்ப்பின் சிக்னல் வோல்டேஜ் ப்ரோப்பைவிடச் சுமார் 15 நானோ செகண்ட் தாமதமாக வருகிறது. சுவிட்ச் அணைவதே 50 நானோ செகண்டில். வோல்டேஜ் ஏறுகிற கோடும் கரண்ட் இறங்குகிற கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற அந்தச் சின்ன முக்கோணத்தில்தான் அணையும்போது வருகிற நஷ்டம் முழுக்க இருக்கிறது. 325 வோல்ட், 2 ஆம்பியர், 50 நானோ செகண்ட் என்றால் ஒரு தடவை அணைவதற்கு 16 மைக்ரோ ஜூல் போல. 65,000 தடவைக்கு ஒரு வாட். கோடுகளில் ஒன்று 15 நானோ செகண்ட் நகர்ந்தால் அந்த ஒரு வாட் பாதியாகவும் ஆகலாம், ஒன்றரையாகவும் ஆகலாம்.

இங்கேயும் அண்ணனின் டம்ளர் வித்தைதான். ஒரு சின்ன பவர் ரெசிஸ்டரை எடுத்து, கம்பியைக் குட்டையாக வைத்து, அதில் ஒரு கூரான பல்ஸ் கொடுத்தோம். ரெசிஸ்டரில் வோல்டேஜும் கரண்ட்டும் சேர்ந்தேதான் ஏற முடியும், வேறு வழியில்லை. திரையில் விலகித் தெரிந்தால் அது ப்ரோப்பின் விலகல். சேனல் மெனுவில் டீஸ்கியூ என்று ஒன்று இருக்கும். இரண்டு விளிம்பும் ஒட்டும் வரை அதைத் திருப்பிவிட்டு, அப்புறம்தான் மாஸ்ஃபெட்டுக்குப் போக வேண்டும். கிளாம்ப்பை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

இடையில் ஒரு எச்சரிக்கை. முக்கோணத்தைப் பெரிதாகப் பார்க்கலாமே என்று சேனல் 1-ஐப் பெரிதாக்கினால் அலையின் தலை திரைக்கு மேலே போய்விடும். உள்ளே வோல்டேஜை எண்ணாக மாற்றுகிற சிப்புக்குத் திரைக்கு வெளியே ரொம்ப தூரம் கண் தெரியாது. தலை வெட்டுப்பட்ட அலையை வைத்துப் பெருக்கும், கூச்சமே இல்லாமல் ஒரு பதிலும் சொல்லும்.

அலையில் எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிற எஃப்எஃப்டி பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை, எப்போதாவது இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் அந்தப் பக்கம் போவேன். ஒன்று மட்டும்: ஏதாவது சிகரம் சந்தேகமாக இருந்தால் டைம்பேஸை (ஒரு கட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பதை) மாற்றிப் பாருங்கள். உண்மையான 65 கிலோஹெர்ட்ஸ், சாம்பிள் வேகம் போதுமான வரை, எப்படி மாற்றினாலும் 65-லேயே நிற்கும். சாம்பிள் வேகம் போதாமல் வந்த போலிச் சிகரம் இடம் மாறி ஓடும்.

கூட்டலை யாரும் சீண்டுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், அந்த ஸ்கூட்டர் வரும் வரை.

புகார் இதுதான்: யஷ்வந்த்பூர் மேம்பாலம் ஏறும்போது டேஷ்போர்டு செத்துப்போகிறது, இறங்கியதும் உயிர் வருகிறது. டேஷ்போர்டும் கன்ட்ரோலரும் கேன் பஸ் என்கிற தகவல் இணைப்பில் பேசிக்கொள்கிற வண்டி. இரண்டு வயர். சும்மா இருக்கும்போது இரண்டும் 2.5 வோல்ட். பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். இரண்டு நாள் கழித்தல் போட்டுப் பார்த்தேன். 0, 2, 0, 2 என்று பாடப் புத்தகம் மாதிரி வந்தது. வண்டியை அணைத்துவிட்டு வயர்களுக்கு நடுவே ஓம் பார்த்தால் 60, இணைப்பின் இரண்டு முனையிலும் வைக்கிற டெர்மினேட்டர் ரெசிஸ்டர்களும் இருக்கின்றன. கனெக்டரை மாற்றியாயிற்று. எல்லாம் நன்றாக இருக்கிறது, மேம்பாலம் ஏறினால் மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் அண்ணன் வந்து மெனுவில் கழித்தலைக் கூட்டலாக மாற்றினார். யோசித்துப் பாருங்கள், ஒன்று ஏறுகிற அளவு மற்றது இறங்குகிறது. கூட்டினால் எப்போதும் 5 வோல்ட், நேர்கோடு வர வேண்டும். இதுவும் முன்கூட்டியே விடை தெரிந்த கணக்கு. கிளிப்கள் பேட்டரி மைனஸில். வண்டி ஸ்டாண்டில், பின் சக்கரத்துக்குப் பிரேக் பிடித்துக்கொண்டு நான் த்ராட்டிலைத் திருகினேன். கரண்ட் 40 ஆம்பியர். கன்ட்ரோலர் பேசுகிற ஒவ்வொரு தடவையும் அந்த நேர்கோடு 5-லிருந்து 9-க்குத் தாவியது. டேஷ்போர்டு பேசும்போது தாவவில்லை.

இரண்டு வயரும் ஆளுக்கு 2 வோல்ட் மேலே போகின்றன. அதாவது கன்ட்ரோலரின் மைனஸே பேட்டரி மைனஸிலிருந்து 2 வோல்ட் உயர்ந்து நிற்கிறது. கழித்தலில் அது காணாமல் போய்விடுகிறது, கழித்தலின் வேலையே அதுதானே. 2 வோல்ட்டை 40 ஆம்பியரால் வகுத்தால் 0.05 ஓம். தடிமனான கேபிளில் அவ்வளவு வர வழியே இல்லை. மேம்பாலத்தில் 100 ஆம்பியர் போனால் 5 வோல்ட், அதோடு இயல்பான 2.5 சேர்ந்தால் 7.5. கேன் பஸ்ஸின் பழைய ஸ்டாண்டர்டில் இரண்டு வயரும் சேர்ந்து நகர அனுமதி 7 வோல்ட் வரைதான்.

கன்ட்ரோலர் மூடியைத் திறந்து, மைனஸ் கேபிளின் நுனியில் நட்டு போட்டு இறுக்குகிற உலோக லக்கைத் தொட்டேன். கை சுட்டது. மேலே இருந்த உறை பழுப்பேறிப் போயிருந்தது, நட்டை விரலாலேயே திருப்ப முடிந்தது. புது லக் ஒன்றை கிரிம்ப் செய்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கினோம். கூட்டல் கோடு 5-ல் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் வண்டிக்காரர் வந்தார். என்ன மாத்தினீங்க என்றார். லக்கைக் காட்டினேன். கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா மூணு நாளு?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் காபி குடிக்கப் போய்விட்டிருந்தார்.